மனை வாங்கிக் கட்டுவதா, கட்டின வீட்டை வாங்குவதா?

கேள்வி: சென்னைப் புறநகரில் எல்லாச் செலவும் சேர்த்து 75 லட்சத்துக்குள் தனிவீடு வேண்டும். அரை கிரவுண்டு மனை வாங்கிக் கட்டலாமா, அதே தெருவில் விலைக்கு வந்திருக்கும் 15 வருட வீட்டை வாங்கலாமா?

பதில்:

முதலில் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள். திருப்தி, ராசி, வாஸ்து எல்லாம் அதற்குப் பிறகு.

மனை 1,200 சதுர அடி, சதுர அடி 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலம் 42 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3.78 லட்சம். வீடு 1,100 சதுர அடி, 2,500 ரூபாய் வீதம் 27.5 லட்சம். இந்த இடத்தில்தான் பலர் கூட்டலை நிறுத்திவிடுகிறார்கள். சதுர அடி ரேட்டுக்குள் வராதவை தனியாக நிற்கின்றன: 30-க்கு 40 மனை என்றால் 140 அடி ஓட்டத்துக்குக் காம்பவுண்டு, சம்ப், செப்டிக் டேங்க், போர், கேட், பிளான் அனுமதி, மின் இணைப்பு, கட்டுமான காலத் தற்காலிக மின்சாரம். இதற்கு 6.5 லட்சம் ஒதுக்குங்கள். வீடு முடியும்வரை ஒரு வருட வாடகை, மாதம் 15,000 வீதம் 1.8 லட்சம். மொத்தம் 81.58 லட்சம். உங்கள் 75-ஐத் தாண்டிவிட்டது.

இப்போது பழைய வீடு. அதே அளவு மனை, அதே அளவு வீடு. நிலத்துக்கு 42 லட்சம். அந்தக் கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் வெளிவேலைகளோடு 34 லட்சம். வருடத்துக்கு 1.5 சதவீதம் தேய்மானம் என்று 15 வருடத்துக்குக் கழித்தால் 26.35 லட்சம் மிஞ்சும். உடனே பார்க்க வேண்டிய ரிப்பேருக்கு 5 லட்சம் கழியுங்கள். ஆக நியாயமான விலை 63 லட்சத்தைச் சுற்றி வரும். அதற்குப் பத்திரச் செலவு 9 சதவீதம், 5.67 லட்சம். ரிப்பேரும் சேர்த்தால் 73.67 லட்சம். உங்கள் பட்ஜெட்டில் அடங்குகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? கட்டும்போது நிலத்துக்கு மட்டும் 9 சதவீதம் கட்டுகிறீர்கள். வாங்கும்போது கட்டடத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். அதனால் விற்பவர் 70 லட்சம் கேட்டால் பத்திரமும் ரிப்பேரும் சேர்ந்து 81 லட்சத்தைத் தாண்டும், கிட்டத்தட்ட புது வீட்டு விலை. ‘இழைச்சு இழைச்சுக் கட்டினது சார், தேக்கு வாசக்கால்’ என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பதினைந்து வருடத் தேக்குக்குப் புதுத் தேக்கின் விலை கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பட்ஜெட்டுக்கு உச்சவரம்பு 64 லட்சம், அதற்கு மேல் பேசாதீர்கள். எண்களை உங்கள் தெருவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு இதேதான்.

மனை ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு இந்தக் கேள்வியே இல்லை, கட்டுவதுதான் சரி. மனையும் இல்லை, வாரத்தில் நான்கு நாளாவது சைட்டுக்குப் போக வீட்டில் ஆளும் இல்லை என்றால் கட்டப் போகாதீர்கள். ஏன் என்பதற்கு கான்கிரீட் போடும் ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும்.

1,100 சதுர அடிக்கு 5 அங்குல தளம் என்றால் சுமார் 13 கன மீட்டர் கான்கிரீட், பீம் தனி. எம்20 கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமென்ட் என்றால் தளத்துக்கு மட்டும் நூறு மூட்டைக்கு மேல். மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. காலை எட்டு மணிக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். பதினொரு மணி வெயிலில் கலவை இறுகும், தள்ளக் கஷ்டமாக இருக்கிறது என்று மிக்சர்காரர் இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் பலம் குறைகிறது, பின்னால் தளம் ஒழுகுவதற்கும் வழி பிறக்கிறது. அதற்கு முந்தைய நாள் எலக்ட்ரீஷியன் பைப் ஓட்டும்போது மேல்கம்பிகளின் மேல் நடந்து நடந்து அவற்றை அமுக்கியிருப்பார். சுவருக்குப் பக்கத்திலும் பால்கனியிலும் சன்ஷேடிலும் மேலே இருக்க வேண்டிய கம்பி நடுவில் இறங்கிவிட்டால் இருந்தும் பயனில்லை. பால்கனி ஓரத்தில் வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கான்கிரீட் வருவதற்கு முன் கம்பியைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும். கம்பி பலகையைத் தொடாமல் அடியில் வைக்கும் கவர் பிளாக் தளத்துக்கு 20 எம்எம், தூணுக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. ஜல்லித் துண்டை அண்டக் கொடுத்தால் அது நகர்ந்துவிடும், கம்பி பலகையில் ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் கழித்துத் துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழுவது அந்த இடத்தில்தான். போட்டு முடித்த பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்டுக்கு 10 நாள். 4.5 மீட்டருக்கு மேல் அகலமான அறை என்றால் முட்டுக்கால்களை 14 நாள் எடுக்க விடாதீர்கள். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட் காத்திருக்கும், கேட்டுக்கொண்டே இருப்பார்.

சரக்கு இறங்கும்போதும் ஆள் வேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள 8 எம்எம் கம்பி ஒன்று 4.7 கிலோ, 12 எம்எம் 10.7 கிலோ இருக்க வேண்டும். எண்ணிப் பெருக்கிப் பார்த்தால் எடைச்சீட்டு சரியா என்று தெரிந்துவிடும். எம்-சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, லாரி பாடியை டேப்பால் அளந்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். 10-க்கு 10 அடி, 9 அங்குலச் சுவருக்கு ஆயிரத்துச் சொச்சம் செங்கல் போகும். சிமென்ட் மொத்த வீட்டுக்கும் சதுர அடிக்கு 0.4 மூட்டை, கம்பி 3.5 முதல் 4 கிலோ என்பது பொதுக் கணக்கு. இதிலிருந்து ரொம்ப விலகினால் எங்கே போகிறது என்று கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களில் காசு ஒழுகும். ஒன்று, ஜிஎஸ்டி. பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் சரக்கோடு எடுத்துச் செய்தால் 18 சதவீதம் உண்டு. கொட்டேஷனில் அது உள்ளடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். தனிவீட்டுக்கு லேபர் மட்டும் விட்டால் வரி இல்லை, ஆனால் சரக்கு வாங்கும் வேலை உங்கள் தலையில். இரண்டு, பேஸ்மென்ட் உயரம், அதாவது வீட்டுத் தரை வெளி மட்டத்துக்கு மேல் நிற்கும் உயரம். பேக்கேஜ் ரேட்டில் பெரும்பாலும் 2 அடிதான் எழுதியிருப்பார்கள், புறநகரில் சாலையிலிருந்து 3 அடியாவது வேண்டும். கூடுதல் ஒரு அடிக்கும் நிரவும் மண்ணுக்கும் தனி பில் வரும். மூன்று, தவணை. கூரை கான்கிரீட் முடியும்போது ஏறக்குறைய பாதிச் செலவுதான் ஆகியிருக்கும், ஆனால் அதற்குள் முக்கால்வாசிப் பணம் கேட்கும் அட்டவணைதான் சாதாரணமாக நீட்டப்படும். அதற்கு ஒத்துக்கொண்டால் பூச்சு வேலையில் ஆள் வருவது குறைந்துவிடும், போன் எடுப்பதும் குறைந்துவிடும். கடைசி 10 சதவீதத்தைக் குடிபோய் ஒரு மாதம் கழித்துத் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அனுமதி இப்போது பெரிய தலைவலி இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவதற்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. மனை சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகி, பிறகு வரன்முறை செய்யப்பட்டதா என்று பாருங்கள். ‘அப்புறம் பண்ணிக்கலாம்’ என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள். மண் பரிசோதனைக்கு மொத்தச் செலவில் ஒரு சதவீதம்கூட ஆகாது. பழைய ஏரி, தாங்கல் ஓரத்து மனைகளில் மேலே நாலைந்து அடி கொட்டின மண்ணாக இருக்கும், அஸ்திவாரம் அதைத் தாண்டி இயற்கை மண்ணில் உட்கார வேண்டும்.

இனி பழைய வீடு. கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை என்பார்கள். வாங்கப் போகிறவருக்கு அந்த எட்டும் வேண்டும்.

புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் சந்தேகத்தோடு உள்ளே போங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஹாலை அல்ல, பாத்ரூமுக்கு வெளிப்புறச் சுவரை. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் பெயின்ட் உப்பி, உள்ளங்கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டினால் பாத்ரூம் பள்ளத் தளத்தில் கசிவு இருக்கிறது. டைல்ஸை உடைத்து, பைப்பை மாற்றி, வாட்டர் புரூஃபிங் செய்து மறுபடி டைல்ஸ் ஒட்டுவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் கிடையாது. அப்படியே சீலிங்கைக் கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. நடுவில் சட்டி மாதிரி ஒலித்தால் உள்ளே காரை விட்டுப் போயிருக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே பழுப்புக் கோடு தெரிந்தால் துரு. கடலோரப் பகுதியில் இதைக் கண்டால் விலை பேசுவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப் போங்கள்.

வெடிப்புகளில் பயப்பட வேண்டியதும் உண்டு, வேண்டாததும் உண்டு. பூச்சில் சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய கோடுகள் அழகுக் குறை மட்டும்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பு அஸ்திவாரம் இறங்கியதற்கான அடையாளம். களிமண் நிலத்தில் இது கோடையில் விரிந்து மழையில் மூடும், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த சித்திரையில் திரும்ப வந்துவிடும்.

மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள். பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்று நீட்டி விட்ட கம்பிகள் பதினைந்து மழை பார்த்திருக்கும். துரு உரிந்து மெலிந்துபோன கம்பியின் மேல் புதுத் தூண் ஏற்ற முடியாது. தூணே இல்லாமல் சுவர் தாங்கும் வீடு என்றால் மாடி எடுப்பதும், ஹாலைப் பெரிதாக்க உள் சுவரை இடிப்பதும் இன்ஜினியர் பார்க்காமல் நடக்கக் கூடாது. மீட்டர் பலகையில் எர்த் வயர் வந்திருக்கிறதா, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மறு வயரிங் என்றால் சுவரைக் கிழிக்க வேண்டும், பெயின்டும் அதோடு சேரும். வாசக்காலின் அடிப்பகுதியைச் சாவியால் குத்திப் பாருங்கள், கரையான் இருந்தால் உள்ளே போகும்.

பிறகு தெருவில் நின்று வீட்டைப் பாருங்கள். சாலை மட்டம் உயர்ந்து வாசல்படியை விழுங்கியிருந்தால் அந்த ஒரு குறைக்காகவே விலையில் பெரிதாகக் குறைக்கலாம், வேண்டாம் என்றும் விடலாம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-லேயே உத்தரவு வந்துவிட்டது, ஏற்கெனவே ஏறிய உயரம் இறங்கப் போவதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

பத்திரத்தில் 30 வருடத்துக்காவது ஈசி (வில்லங்கச் சான்று) போட்டு, மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கை மாறியதும் அதில் இருக்கிறதா என்று வக்கீலிடம் சரிபாருங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருக்க வேண்டும், எஃப்எம்பி (நில அளவை) வரைபடமும் மனையின் நாலு பக்க அளவும் ஒத்துப்போக வேண்டும். பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்கள். பவர் பத்திரம் என்றால் அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்யவில்லையா என்பது பதிவு நாளன்றே தெரிய வேண்டும். அனுமதி வாங்கிய பிளானையும் வீட்டையும் வைத்துப் பாருங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாடி அறைக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் மதிப்புப் போட மாட்டார், நீங்களும் போடாதீர்கள்.

கடன் விஷயத்தில் ஒரு வித்தியாசம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம், பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்காது. பழைய வீட்டுக்கு 63 லட்சத்தில் 20 சதவீதம் 12.6, பத்திரம் 5.67, ரிப்பேர் 5, ஆகக் கையில் 23 லட்சம் ரொக்கமாக வேண்டும். கட்டும் வீட்டுக்குப் பணம் பேஸ்மென்ட், லிண்டல், கூரை என்று வேலை முடிந்த பிறகே கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் உங்கள் காசில் ஓட்ட வேண்டும், வட்டியும் வாடகையும் ஒன்றாக ஓடும்.

இப்போது உங்கள் தெருவில் விலைக்கு இருக்கும் வீட்டுக்கு டோக்கன் கொடுப்பதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு தடவை சொல்லாமல் போய்ப் பாருங்கள். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் மொட்டை மாடியில் சாக்கு வைத்து வடிகுழாயை அடைத்து, ஒரு இரவு இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த அனுமதி கேளுங்கள். மறுக்கிறார் என்றால் தளத்தைச் சுரண்டி மேலே பதித்த தட்டோட்டை மாற்றும் செலவையும் அந்த 5 லட்சத்தோடு சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.