லைப்சிக் நகரத்து நிக்கோலாய் தேவாலயத்தின் வரலாறு என்ன?

1989இல் கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராக மக்கள் திரண்டது ஒரு சர்ச்சில் இருந்துதான் என்கிறார்களே, அது எது என்று கேட்டிருக்கிறீர்கள். லைப்சிக் நகரின் நடுவில் இருக்கும் நிக்கோலாய் தேவாலயம்தான் அது.

ஊருக்கு நகர உரிமை கிடைத்த 1165 வாக்கில், வணிகர்களின் காவலரான புனித நிக்கோலாஸ் பெயரில் கட்டத் தொடங்கினார்கள். கத்தோலிக்கக் கோவிலாக இருந்தது, 1539இல் லைப்சிக், மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தத்தை ஏற்றபோது லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) ஆலயம் ஆனது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளே முழுக்க மாற்றியதில், தூண்களின் உச்சியில் பனை ஓலைகள் விரிவது போல வேலைப்பாடு வந்தது. வெளியே இருந்து பார்த்தால் இதை எதிர்பார்க்கவே முடியாது!

இசையமைப்பாளர் பாஹ் என்றாலே எல்லோரும் இதே ஊரின் தோமா ஆலயத்தைத்தான் சொல்கிறார்கள், ஆனால் யோவான் நற்செய்தியில் உள்ளபடி இயேசுவின் பாடுகளைப் பாடும் அவருடைய 'யோவான் பாடுகளின் இசை' 1724 புனித வெள்ளியன்று முதலில் ஒலித்தது இங்கேதான்.

சரி, 1989க்கு வருவோம். 1982 முதல் திங்கள்தோறும் மாலையில் இங்கே சமாதானத்துக்கான ஜெபம் நடந்தது. சுதந்திரமாகக் கூடிப் பேச வேறு இடம் இல்லாத நாட்டில், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும், வெளிநாடு போக அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்களும்கூட வர ஆரம்பித்தார்கள், போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர் யாரையும் தடுக்கவில்லை. அக்டோபர் 9 அன்று இடத்தை அடைக்க அரசு தன் கட்சிக்காரர்களையே உள்ளே உட்கார வைத்தது, அவர்களும் ஜெபத்தைக் கேட்டதுதான் மிச்சம். அன்று அரசை எதிர்த்துத் தெருவில் சுமார் 70,000 பேர். துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று பயந்தார்கள், நடக்கவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.