மொக்கைப் படத்தைப் போய் ஏன் தேடித் தேடிப் பாக்கறாங்க?

மட்டமான படம்னு தெரிஞ்சும் அதையே சூப்பர்னு கொண்டாடறாங்களே ஏன்னு கேட்டிருக்கீங்க. மொக்கையா இருந்தா மட்டும் பத்தாதுங்க, எடுத்தவரு சீரியஸா எடுத்திருக்கணும், அதான் மேட்டர். எட் வுட்னு ஒரு அமெரிக்க டைரக்டர், 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எடுத்தாரு, அதுல வர்ற நடிகர் பேலா லுகோசி 1956லயே செத்துட்டாரு, கையில இருந்தது அவரு நடிச்ச கொஞ்சூண்டு ஃபுட்டேஜ்தான், எட் வுட் அசரல, தன் பொண்டாட்டிக்கு முதுகு நீவி விடற வைத்தியரைக் கூட்டியாந்து லுகோசிக்குப் பதிலா அங்கியால மூஞ்சியை மூடிகினு நடக்க வெச்சிட்டாரு, உயரம்கூட ஒத்துப்போகல! ஏமாத்தணும்னு பண்ணல, படம் எடுத்தே ஆகணும்னு ஒரு வெறி, அதான் கோவம் வராம சிரிப்பு வருது. வேணும்னே மொக்கையா எடுக்கறாங்க பாருங்க, அது எனக்கு சுத்தமா புடிக்காது.

அப்புறம் தனியா பாத்தா தூக்கம்தான் வரும், கும்பலா பாக்கணும். காட்பாடில மொட்டை மாடில வேட்டியைத் திரையா கட்டி அஞ்சு பேரு ஒரு பேய்ப்படம் பாத்துகினு இருந்தோம், பேய் கையில வாட்ச்! ஒருத்தன் "மணி இன்னான்னு கேளுடா"ன்னான், அவ்ளோதான், ராத்திரி பத்து மணிக்கும் சூடு ஆறாத அந்தத் தரைல உருண்டு பொரண்டு சிரிச்சோம். இப்பவும் எவனாச்சும் லேட்டா வந்தா "பேயைக் கேளு"ன்னுதான் ஆரம்பிப்போம்.