தோட்டத்திலிருந்து பாலிடெக்னிக் விடுதிக்கு வந்திருக்கிறேன். இங்கேயும் ஒட்டவில்லை, வீட்டிலும் ஒட்டவில்லை. என்ன செய்வது?

தங்கச்சி, உங்கள் கேள்விக்குள் மூன்று வலி இருக்கிறது. அறைத் தோழிகள் 'இந்தியர் என்றால் குடி, கேங்' என்று சாதாரணமாகப் பேசுகிறார்கள். டவுன் தமிழ்ப் பிள்ளைகள் 'எஸ்டேட்' என்று தனியாக வைக்கிறார்கள். லீவுக்குப் போனால் வீட்டில் 'நீ ரொம்ப மாறிட்டே' என்கிறார்கள். தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம். தேர்வு, இப்போது விடுதி என்று வந்திருப்பீர்கள் என நினைத்துப் பதில் எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங். சுற்றிலும் தோட்டங்கள். பிள்ளைகள் விடுதிக்குப் போன முதல் இரண்டு மாதத்தில் இதே கேள்வி இங்கே வீட்டுக்கு வீடு கேட்கும். 'மனதைத் தைரியமாக வை' என்று பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. ஒட்டவில்லை என்ற உணர்வில் ஒரு பாதி பழக்கக் குறைவு. அதை வேலை செய்து சரிப்படுத்தலாம். மறு பாதி மற்றவர்களின் அறியாமை. அது உங்கள் சுமை அல்ல. எது எந்தப் பாதி என்று பிரிக்காமல் விட்டால், சரிசெய்யக்கூடியதற்கு அழுதுகொண்டும் சரிசெய்ய முடியாததற்கு வெட்கப்பட்டுக்கொண்டும் இருப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மலேசியக் குடிமக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. முப்பது பேர் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். தமிழ்ப்பள்ளியில் முப்பதுக்கு முப்பதும் நம் பிள்ளைகள். அங்கிருந்து வருகிறவருக்கு வகுப்பறை அந்நியமாகத் தெரிவதில் பெரும்பங்கு இந்தக் கணக்கு. யாரும் உங்களை வெறுக்காவிட்டாலும் முதல் மாதம் அப்படித்தான் இருக்கும்.

இனி மலாய். பேச்சு மலாய் நமக்கு நன்றாக வரும், எழுத்திலும் வகுப்பிலும்தான் மாட்டுகிறோம். காரணம் இரண்டு. ஒன்று உச்சரிப்பு. தமிழில் சொல்லின் முதலில் வரும் க, த, ப தொண்டை அதிராமல் ஒலிக்கும். நடுவில் ஒற்றையாக வந்தால் அதிரும். அந்தப் பழக்கத்தை மலாய்க்குக் கொண்டுபோனால் பொருள் மாறிவிடும். 'பாகி' என்பதில் முதல் எழுத்து அதிர்ந்தால் 'கொடு', அதிராவிட்டால் 'காலை'. 'பாரு' அதிர்ந்தால் 'புதிய', அதிராவிட்டால் 'நுரையீரல்'. 'காஜி' அதிர்ந்தால் சம்பளம், இல்லாவிட்டால் ஆராய்வது. நடுவில் தலைகீழ்: 'லாகு' என்பதில் இரண்டாவது எழுத்தை அதிரவிட்டால் பாட்டு, அதிராமல் சொன்னால் 'விலைபோகும்'. பயிற்சி எளிது. தொண்டையில் இரண்டு விரலை வைத்து, இந்த ஜோடிகளை மெதுவாகச் சொல்லுங்கள். அதிர வேண்டிய இடத்தில் விரலுக்குத் தெரிய வேண்டும். கைப்பேசியில் பதிவுசெய்து, ஒரு மலாய்த் தோழியிடம் கொடுத்து, எது எந்தச் சொல்லாகக் காதில் விழுகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தப்பாக எழுதிய சொற்களை மட்டும் மறுபடி பழகினால் போதும். தினமும் பத்து நிமிடம் செய்தால் சில வாரத்தில் வித்தியாசம் கேட்கும்.

இரண்டாவது, முன்னொட்டு. 'அவர் என்னை அடித்தார்' என்பதை நாம் 'டியா பூக்குல் சாமா சாயா' என்போம். எழுத்தில் 'டியா மெமூக்குல் சாயா'. 'என் வீடு' என்பது 'சாயா பூஞா ரூமா' அல்ல, 'ரூமா சாயா'. ப, த, க, ஸ என்ற அதிராத முதலெழுத்து 'மெ' சேர்ந்ததும் கரைந்துபோகும்: பூக்குல் மெமூக்குல் ஆகும், தூலிஸ் மெனூலிஸ், கீரிம் மெங்ஙீரிம், சாப்பு மெஞாப்பு. அதிரும் எழுத்து அப்படியே நிற்கும்: பாச்சா மெம்பாச்சா, ஜுவால் மென்ஜுவால். இது பிடிபட்டால் எழுதுவதில் உள்ள பிழைகளில் நிறைய தானாகக் குறையும். ஒரு மலாய்ச் செய்தியை எடுத்து, 'மெ', 'பெர்', 'டி' வரும் வினைகளை எல்லாம் கோடிட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகம் வந்தால் அரசாங்க மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதி இலவசம்.

விரிவுரையாளரை 'அவாக்' (நீ) என்று கூப்பிடவே கூடாது. தோட்டத்தில் எல்லோருக்கும் அதுதான் பொதுவாகப் போகும், இங்கே மரியாதைக் குறைவாகப் படும். 'புவான்' (அம்மா), 'என்சேக்' (ஐயா), 'டாக்டர்' என்றே சொல்லுங்கள், உங்களைச் 'சாயா' (நான்) என்று மட்டும். நீங்கள் கெடாப் பெண் என்றால், 'ஹாங்' (நீ), 'அவாட்' (ஏன்), 'மாய்' (வா), 'பீ' (போ) எல்லாம் வடக்கத்திய மலாய்த் தோழிகளிடம் தாராளமாகப் பேசுங்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் ஊர்க்காரியாக எடுத்துக்கொள்வார்கள். தேர்வுத்தாளில் மட்டும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு 'அவங்க தப்புக்கு நம்ம பிள்ளைதான் திருந்தணுமா?' என்று கீழே எழுத வருகிறவர்கள் இருப்பார்கள். மொழி பழகுவது யாருக்கும் பணிந்துபோவது அல்ல. புகார்க் கடிதம் எழுதவே நல்ல மலாய் வேண்டும். உரிமை கேட்கிறவருக்குத்தான் மொழி அதிகம் தேவை.

அடுத்தது கேலி. கேட்கிற எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாமல் கேட்கும் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லி நகர்ந்துவிடலாம். கூட்டத்தில் ஜோக்காக வரும் பேச்சுக்குச் சிரிக்காதீர்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒட்ட வேண்டும் என்று கூடச் சிரித்துவிட்டால், அடுத்த வாரம் அதே ஜோக் உங்களைப் பார்த்தே வரும். அமைதியாக, 'அப்பா மக்சுட் அவாக்?' (நீ என்ன சொல்ல வருகிறாய்?) என்று மலாயில் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கிச் சொல்லச் சொன்னதும் ஜோக் சொன்னவருக்கே சங்கடமாகிவிடும். அதிகாரத்தில் இருப்பவர் இனத்தைச் சொல்லி உங்களுக்குப் பாதகமாக முடிவெடுத்தால் அது வேறு விஷயம். அன்று இரவே தேதி, மணி, இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாம் எழுதி வையுங்கள். முதலில் வார்டனுக்கு மின்னஞ்சல், பதில் இல்லையென்றால் மாணவர் நலப் பிரிவுக்கு. டிக்டாக்கில் முதலில் போடாதீர்கள். போட்டால் விசாரணை நடந்த சம்பவத்தை விட்டுவிட்டு உங்கள் வீடியோவைப் பற்றியதாக மாறிவிடும்.

'குடி' என்ற சொல்லுக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடை நம் ஆட்கள் கேட்டு வாங்கியது இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க அனுமதியோடு தோட்டத்துக்குள்ளேயே நடந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, வைத்திய வசதி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும் என்பவையும் அதே பட்டியலில் இருந்தன. தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். எங்கள் பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை 1947இல் கள்ளுக்கு எதிராக நின்றது. மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தபோது, பால்மரம் சீவுகிறவர்கள்தான் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கித் தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆனார்கள். சண்டை போட இதெல்லாம் வேண்டாம். தோழி உண்மையாகவே கேட்கும் நாளில் இரண்டு நிமிடத்தில் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும். தெரிந்தவருக்குக் குரல் நடுங்காது.

அறையில் ஒட்டுவதற்குச் சாப்பாடு நல்ல வழி, சரியாகச் செய்தால். மலாய்த் தோழிகள் நம் வீட்டுக் கறியைத் தொடத் தயங்கினால் அவமானமாக எடுக்காதீர்கள். இறைச்சி எங்கே அறுத்தது, சட்டியில் என்ன சமைத்தது என்பதுதான் அவர்கள் கவலை. ஊரிலிருந்து வரும்போது ஹலால் முத்திரை உள்ள மாவில் சுட்ட முறுக்கு, ஓமப்பொடி கொண்டுவாருங்கள். அப்போதும் 'வீட்டுச் சட்டியில் சுட்டது' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எடுப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். பொட்டலத்தில் முத்திரையோடு கடையில் விற்கும் பலகாரம் என்றால் யோசிக்காமல் எடுப்பார்கள். உங்கள் தட்டும் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். விளக்கு, ஊதுபத்தி விடுதியில் அனுமதிக்க மாட்டார்கள்; சாமிப் படமும் திருநீறும் அலமாரிக்குள் வைத்துக்கொள்ளலாம்.

டவுன் தமிழ்ப் பிள்ளைகள் விஷயத்தில் அதிகம் சொல்ல இல்லை. அவர்களுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டுப் பழக்கம், அவ்வளவுதான். வகுப்பின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யுங்கள், நடுவில் குறிப்பு பார்த்துப் பேசுங்கள். முழுவதும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுவிடும். பின்னால் அரசாங்கப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வு தேவைப்படும். அதன் பேச்சுப் பகுதியில் தனியாகப் பேசுவதும் குழுவாக விவாதிப்பதும் உண்டு. குழு விவாதத்தில் நம் பிள்ளைகள் அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தே நேரத்தை விட்டுவிடுகிறார்கள். இப்போதே வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்டுப் பழகுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தீபாவளி வந்தால் தோட்டத்துக்கு வேன் வரும். அரிசி மூட்டை, எண்ணெய், ஒரு பதாகை. கொடுக்கிறவர் சிரிக்க, வாங்குகிற பாட்டி தலைகுனிய, படம் எடுத்து அன்றைக்கே முகநூலில் போடுகிறார்கள். உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை, பசித்தவருக்கு அரிசி அரிசிதான். ஆனால் அந்தப் படத்தை உங்கள் வகுப்புத் தோழி பார்க்கிறாள். தோட்டம் என்றால் கைநீட்டும் இடம் என்று அவள் மனதில் பதிய வைத்ததில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. கொடுங்கள், முகத்தைப் படம் எடுக்காமல் கொடுங்கள்.

கடைசியாக வீடு. 'மாறிட்டே' என்று அம்மா சொல்வதற்குப் பின்னால் பயம் இருக்கிறது: படித்த பிள்ளை நம்மைக் குறைவாக நினைக்குமோ என்று. லீவுக்குப் போன முதல் நாளே அப்பாவின் மலாயைத் திருத்தாதீர்கள், அதுவும் வெளி ஆள் முன்னால் வேண்டவே வேண்டாம். உங்கள் படிப்பு அவர்களுக்குப் பயன்படட்டும். அப்பாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்கு (ஓய்வுக்காலச் சேமிப்பு) அவர் பங்கு 11 விழுக்காடு, மாதம் 5,000 வெள்ளி வரை சம்பளம் என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு. அறுபது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு இதுதான் கணக்கு. சீட்டில் பிடித்த தொகையும் சேமநிதி அறிக்கையில் ஏறிய தொகையும் மாதவாரியாக ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத மாதங்களைக் குறித்துக்கொண்டு, சீட்டின் நகலோடு சேமநிதி அலுவலகத்தில் கேளுங்கள்.

பிறகு, அப்பா சேமநிதியில் வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். தோட்டத்தில் நிறையப் பேர் பதிந்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பதிந்து, எப்போதோ இறந்துபோன தாயின் பெயரே இருக்கும் கதையும் உண்டு. பெயர் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆனால், அந்தப் பணத்துக்காக அம்மா பத்திரங்களோடு பல அலுவலகங்கள் ஏறி இறங்க வேண்டிவரும். அடுத்த லீவில் அப்பாவின் அடையாள அட்டையையும் (மைகார்ட்) அம்மாவின் அடையாள அட்டை எண்ணையும் எடுத்துக்கொண்டு, அவரைச் சுங்கைப் பட்டாணி சேமநிதி அலுவலகத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே முகப்பில் உட்கார்ந்திருப்பவரிடம் அவருக்காக நீங்களே மலாயில் பேசுங்கள்.