மார்கழியில் ஆறரை வரை தூங்கினால் பாவமா?

கேள்வி: எனக்கு வயது 53. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மார்கழி முழுக்க நாலரைக்கு எழுந்து, குளித்து, வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்து, திருப்பாவை சொன்ன பிறகுதான் காபியே குடிப்பேன். இரண்டு வருஷமாக மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். விடியற்காலையில்தான் எனக்குக் கண் அசரும், அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடிக் கோயிலில் ஸ்பீக்கர் போடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு ஆறரை வரை படுத்துவிடுகிறேன். என் கணவர் கோயிலிலிருந்து வெண்பொங்கல் வாங்கி வந்து கொடுத்தால் வாயில் வைக்கவே கூச்சமாக இருக்கிறது. மார்கழியில் தூங்கும் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. இதற்குப் பரிகாரம் உண்டா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: பரிகாரம் கிடையாது, ஏனென்றால் தப்பு எதுவும் நடக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், தூக்கம் வந்தால் மீதியை நாளைக்குப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மாமி. நமக்கு ஒரு வருஷம் என்பது தேவர்களுக்கு ஒரு நாள், தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு, அதனால் மார்கழி அவர்களுடைய விடியற்காலை என்பார்கள் இல்லையா, மார்கழிக்கு மகத்துவம் சொல்பவர்கள் எல்லாரும் எடுத்துவிடுகிற கணக்கு இதுதான். சரி, அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதம் முழுவதுமே பிரம்ம முகூர்த்தம்தான், உங்கள் ஆறரை மணியும் அதற்குள்தான் வருகிறது. மாமியிடம் இதைச் சொல்ல வேண்டாம், சண்டை வரும்.

ஸ்பீக்கர் மேல் வந்த எரிச்சலை ஏன் பெருமாள் கணக்கில் எழுதுகிறீர்கள்? மூன்று தடவை எழுந்துவிட்டு அப்போதுதான் கண்ணை மூடியவர் காதில் யார் வந்து எதைப் பாடினாலும் எரிச்சல்தான் வரும். என் அம்மா ஒரு மார்கழியில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வராந்தா பெஞ்சில் படுத்திருப்பேன், எதிர்க் கோயிலில் பாட்டு ஆரம்பிக்கும்போது நான் மனசுக்குள் சொன்ன வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது.

அப்புறம், திருப்பாவையை இத்தனை வருஷம் சொல்லியிருக்கிறீர்கள், அதில் தூங்குகிறவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்று கவனித்தீர்களா? மொத்தம் 30 பாட்டு. அதில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை பத்துப் பாட்டு, இன்னும் எழுந்திருக்காத பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்புவதுதான். திட்டுகிறார்கள், கிண்டல் செய்கிறார்கள், ஊமையா செவிடா என்று அவள் அம்மாவிடமே கேட்கிறார்கள், ஆனால் ஒருத்தியைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை.

நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது பன்னிரண்டாம் பாட்டு. அந்த வீட்டு வாசலே சேறாகிக் கிடக்கிறது. எருமைகளைக் கறக்கவில்லை, கன்றை நினைத்து மடி தானாகப் பால் சுரந்து தரையெல்லாம் வழிந்து ஓடுகிறது. தோழிகள் தலையில் பனி சொட்டச் சொட்ட நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கீழே பால் சேறு. இதற்கு முந்தின பாட்டில் வருகிறவர்கள் பசுக்களை வேளைக்குக் கறக்கிறவர்கள், அவர்களைக் குற்றமே இல்லாத கோவலர் என்கிறாள் ஆண்டாள். அப்படியென்றால் கறக்காமல் விட்ட இந்த வீட்டுக்காரனை, உள்ளே தூங்குகிற பெண்ணின் அண்ணனை, என்ன சொல்ல வேண்டும்? நற்செல்வன் என்கிறாள்! ராமனைப் பிரியாத இலக்குவனைப் போல இவன் கண்ணன் கூடவே நின்று பணிவிடை செய்துகொண்டிருந்தான், அதில் கறவை விட்டுப்போயிற்று என்று வைணவ உரைகாரர்கள் காரணம் சொல்வார்கள். ஒருவர் பக்கத்தை விட்டு நகர முடியாமல் விட்டுப்போன வேலைக்கு அவன் வாசல் சேறு. கோலம் இல்லாத உங்கள் வாசலும் அந்த வகைதான் என்பது என் கட்சி. உரைகாரர்கள் சொன்னது கண்ணனுக்குச் செய்த சேவையை, நான் அதை மாமனார் வரைக்கும் இழுக்கிறேன், தெரிந்துதான் இழுக்கிறேன்.

இந்தக் குளிரில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக நின்றிருக்கும். அதை வெந்நீரில் வைத்து இளக்கி, உள்ளங்கையில் விட்டுச் சூடு பார்த்து, சில்லிட்டிருக்கும் அவர் காலில் தடவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வாய் சும்மாதானே இருக்கிறது, ஒரு பாட்டு சொல்லுங்கள். குளிக்கவில்லையே என்று யோசிக்காதீர்கள். அவருக்குப் பேச்சு குழறினாலும் காதில் விழும், இத்தனை வருஷம் அந்த வீட்டில் உங்கள் குரலில் கேட்டதுதானே அது. ஆனால் தடவும்போது எங்காவது தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள், படுக்கைப்புண் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். உங்கள் கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், கையில் வெண்பொங்கலோடு. படுத்திருப்பது அவருடைய அப்பா. உங்களுக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் அவர் எங்கே படுத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. வாரத்தில் மூன்று ராத்திரி அவர் முறை என்று பேசுங்கள். ஆம்பிளைக்குத் துணி மாற்றத் தெரியாது என்றால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். அவர் முறை முடிந்த ஒரு காலையில், தூங்கியது போதும் என்று உங்களுக்கே தோன்றினால், சால்வையைப் போர்த்திக்கொண்டு நீங்கள் கோயிலுக்குப் போங்கள், அவர் வீட்டில் இருக்கட்டும். தூங்கவே தோன்றினால் தூங்குங்கள். கோலம் ஆறரைக்கு மேல் போட்டாலும் கோலம்தான், நாலு புள்ளி வைத்துச் சின்னதாக.

திருப்பாவையின் இருபத்தேழாம் பாட்டுக்கு உரிய நாளான கூடாரவல்லி ஜனவரி 11 வாக்கில் வரும். அக்காரவடிசில் செய்வீர்கள்தானே? அன்றைக்கு அரிசியை வழக்கத்தைவிடக் குழைய விடுங்கள். மாமனாருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா, சர்க்கரை உண்டா என்றெல்லாம் எழுதவில்லை, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தலையணை வைத்து நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு சின்ன ஸ்பூன். அதை உங்கள் கணவர் ஊட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சூடாக ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள்.