விபத்துக்குப் பிறகு கவுன்சிலிங் போனால் சரியாகுமா? வெறும் பேச்சுதானே?

கேள்வி: பைக் விபத்தில் தப்பிய என் அண்ணனுக்கு உடம்பு தேறி எட்டு மாதமாகிறது. ஆனால் தூக்கமில்லை, ஹாரன் சத்தத்துக்கே பதறுகிறார், வண்டியைத் தொடுவதில்லை. கவுன்சிலிங் போகச் சொல்கிறார்கள். நடந்ததைத் திரும்பப் பேசுவதால் என்ன மாறிவிடும்?

பதில்:

நான் டாக்டர் இல்லை. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகிற குடும்பம். உங்கள் அண்ணன் இடத்தில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு மார்கழி விடியற்காலை. மல்லி வரத்து குறைந்து விலை ஏறியிருந்த நேரம். குட்டியானையை மாமா ஓட்டினார். கப்பலூரில் ரிங் ரோட்டுக்குத் திரும்பும் முன், "ஒரு டீ குடிச்சிட்டுப் போவமாடா" என்றார். "வேணாம் மாமா, நேரமாயிரும்" என்றேன். சற்று தூரத்தில் லைட் இல்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. மாமா அங்கேயே போய்விட்டார். எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிவோடு போயிற்று. மூட்டைகள் கிழிந்து என் மேலெல்லாம் பூ. டீசலும் மல்லியும் கலந்த வாசம்.

அதற்கப்புறம் மல்லி வாசம் பட்டால் போதும், அந்த வண்டிக்குள் இருப்பேன். ஞாபகம் வந்தது என்று இதைச் சொல்ல முடியாது. கை காலெல்லாம் அங்கேயே இருக்கும். மதுரையில் இருந்துகொண்டு மல்லி வாசத்துக்குத் தப்பி எங்கே போவது? டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கியிருக்கிறேன். தங்கை நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்துக்குள் போகாமல் பைக் நிறுத்துகிற இடத்திலேயே நின்றேன்.

அம்மா பயந்த கோளாறு என்று பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கோயிலும் அதே ரிங் ரோட்டில்தான்! போய்ச் சேருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கேலிக்காகச் சொல்லவில்லை, கயிறு கட்டிய அன்று இரவு நன்றாகவே தூங்கினேன். இரண்டு நாள் கழித்துப் பழையபடி. ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, கனவும் கூடவே வந்தது. கடைசியில் நர்ஸாக இருக்கும் பெரியம்மா மகள்தான், "இதுக்குன்னே சைக்காலஜிஸ்ட் இருக்காங்கடா" என்று ஒரு மேடத்திடம் அனுப்பினாள்.

நானும் அவரிடம் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன். துக்கம் விசாரிக்க வந்த நூறு பேரிடம் சொன்ன கதைதானே, இன்னொரு தடவை சொன்னால் என்ன ஆகும்? "சரி, எனக்கும் அப்படியே சொல்லுங்க" என்றார். சொன்னேன். "கப்பலூர்ல திரும்புனீங்க, அடுத்த வரியில ஆம்புலன்ஸ் வந்துருச்சே. நடுவுல?" என்றார். அப்போதுதான் உறைத்தது. நூறு தடவையும் அந்த நடுவைத் தாண்டிக் குதித்தே சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கோளாறுக்கு பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலைமையும் சேர்ந்து அழுத்தம் கொடுத்ததில், 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் கையேட்டில் சேர்த்தது. எனக்குச் செய்த சிகிச்சையை புரோலாங்டு எக்ஸ்போஷர் என்கிறார்கள். எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் வகுத்தது, பொதுவாக 8 முதல் 15 அமர்வு. மேடம் அதை எங்கள் ஊர்க் கணக்கில் விளக்கினார்: பயந்த விஷயத்திலிருந்து ஒதுங்குவது வட்டி கட்டுவது மாதிரி. இன்றைக்குத் தப்பிக்கலாம், அசல் குறையாது. "இது இப்போது நடக்கவில்லை, என்றோ நடந்து முடிந்தது" என்று உடம்பு தெரிந்துகொள்ள, ஒரு தடவையாவது ஓடாமல் அங்கே நிற்க வேண்டுமாம்.

முதல் இரண்டு வாரம் கதைப்பக்கமே போகவில்லை. தூக்கம், மூச்சு, படபடப்பு வந்தால் காலைத் தரையில் அழுத்தி எதிரே தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்வது, இவ்வளவுதான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மாமா பிரேக்கை மிதிக்கிறார்" என்று இப்போது நடப்பது போலச் சொல்லச் சொன்னார். பயத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று நடுநடுவே மார்க் கேட்பார். சொன்னதை போனில் பதிந்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன், நாலாவது ஐந்தாவது வாரம் முன்னைவிட மோசமாக இருந்தது. நிறுத்திவிடலாம் என்று இரண்டு தடவை போன் செய்தேன். உங்கள் அண்ணனும் அந்தக் கட்டத்தில் அப்படிச் சொல்லலாம். உடனே சரி என்றுவிடாமல், அதை ஆலோசகரிடமே சொல்ல வையுங்கள்.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ சொல்லும்போது, மறந்தே போயிருந்த ஒன்று வெளியே வந்தது. நான் டீ வேண்டாம் என்றதும் மாமா சிரித்துக்கொண்டே, "ஆமாடா, மார்க்கெட்லயே குடிச்சுக்குவோம்" என்று கியர் போட்டார். அவரும் அதையேதான் நினைத்தார். ஒரு வருஷமாக மாமாவைக் கொன்றது என் வார்த்தைதான் என்று சுமந்துகொண்டிருந்தவன் நான். "அந்த நிமிஷம் லாரி நிக்கிறது உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?" என்று மேடம் கேட்டார். அன்றைக்குத்தான் மாமாவுக்காக அழுதேன். அதுவரை அழுததெல்லாம் பயத்தில்.

கூடவே படிப்படியாக வேலை கொடுத்தார். மேஜை மேல் ஒரு முழம் பூ, தெருமுனைப் பூக்கார அக்கா கடை, மாட்டுத்தாவணி, கடைசியில் அந்த இடம். அங்கே போய் அரை மணி நேரம் நின்றேன். லாரிகள் போயின, வெயில் அடித்தது, அவ்வளவுதான். மொத்தம் 13 அமர்வு. இப்போதும் டீசலும் மல்லியும் சேர்ந்து அடித்தால் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை.

கண்ணை இடம் வலமாக அசைக்க வைக்கும் இ.எம்.டி.ஆர். என்றும் ஒரு முறை உண்டு. நான் செய்ததில்லை. அதையும், அதிர்ச்சிக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் (நினைப்பையும் நடந்துகொள்வதையும் பேசி மாற்றப் பழக்குவது) உலக சுகாதார நிறுவனம் 2013ல் பரிந்துரைத்திருக்கிறது. அதனால் அறிவுரை சொல்கிற எல்லாரிடமும் போகாதீர்கள், இந்தப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். பணம் கஷ்டமென்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்பது போல அண்ணன் எப்போதாவது பேசினால் அன்றைக்கே கூப்பிடுங்கள், தனியாக விடாதீர்கள்.

வீட்டில் யாரும் விவரம் சொல்லச் சொல்லித் துருவ வேண்டாம், "மறந்துரு" என்றும் சொல்ல வேண்டாம். எங்கள் அப்பா அந்தப் 13 தடவையும் கூடவே வந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் "பசிக்குதாடா" என்பார். வேறு எதுவும் கேட்டதில்லை.