கிணற்றுப் பேய்க்கு எட்டாயிரம் வேண்டாம்

கேள்வி: விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செமஸ்டர் ப்ராஜெக்டுக்குப் பத்து நிமிடப் பேய்ப்படம் எடுக்கிறோம். கும்பகோணம் பக்கத்தில் தாத்தாவின் பழைய வீடு மூன்று ராத்திரிக்குக் கிடைக்கும். கேமரா என் போன்தான். கையில் 15,000 ரூபாய், அதில் 8,000 பேய் மேக்கப்புக்கு ஒதுக்கியிருக்கிறோம். கொல்லைக் கிணற்றிலிருந்து பேய் ஏறி வருவதுதான் கிளைமாக்ஸ். பயம் வருமா?

இந்தத் திட்டப்படி எடுத்தால் வராது என்றுதான் நினைக்கிறேன். வீடும் கிணறும் பிரமாதம், குறை அங்கே இல்லை. இருட்டில், போன் கேமராவில், மேக்கப் போட்ட உருவம் முழுதாக ஃபிரேமுக்குள் வந்து நின்றால் பார்க்கிறவர் கண் மேக்கப்பைத்தான் ஆராயும். போதாததற்கு, வகுப்பில் திரையிடும்போது அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பணத்தை ஒலிக்கும் வெளிச்சத்துக்கும் திருப்பிவிடுங்கள். பேய் கடைசி வரை முழு உருவமாகக் கண்ணில் படவே வேண்டாம், ஆனால் அதன் சத்தம் முதல் நிமிடத்திலேயே படத்துக்குள் வந்துவிட வேண்டும்.

கிணற்றில் ராட்டினம் இருக்கிறதா? இருந்தால் யாரும் அதற்கு எண்ணெய் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தின் தொடக்கத்தில், நல்ல வெயிலில், அம்மா தண்ணீர் சேந்துவதை ஒரே ஷாட்டில் நிதானமாகக் காட்டுங்கள். வெறும் வாளி இறங்கும்போது ராட்டினம் வேகமாகக் கிறீச்சிடும், அப்புறம் வாளி தண்ணீரில் விழும் ஓசை, பாரத்தோடு மேலே வரும்போது அதே கிறீச் விட்டு விட்டு, மெதுவாக. பார்க்கிறவர் காதில் இது பதிந்துவிடும். ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் கூடத்தில் படுத்திருக்கும்போது கொல்லைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வரட்டும், மெதுவாக, பாரத்தோடு. கயிறு ஏறிக்கொண்டிருக்கிறது என்று யாரும் வசனம் பேசிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குச் சற்று முன்னால் கரண்ட் போகட்டும். கோடை ராத்திரியில் நம் வீடுகளில் ஃபேன் சத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் அது கேட்பதே இல்லை, நின்றால்தான் தூக்கம் கலைகிறது. கூடத்தில் படுத்திருக்கும் காட்சி முழுக்க ஃபேன் ஒலியை அடியில் ஓடவிட்டு, சட்டென்று வெட்டி, இரண்டு மூன்று விநாடி சும்மா விட்டுவிட்டுப் பிறகு ராட்டினத்தைக் கொடுங்கள். திடீர் இடிச்சத்தம் செய்யாததை இது செய்யும்.

ஆனால் வசனம் பதியும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், அதன் ஒலியைத் தனியாக எடுத்து எடிட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது. போனின் மைக்கை நம்பாமல் ஒரு ஆடியோ ரெக்கார்டரை வாடகைக்கு எடுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகப் பதியுங்கள். கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் ஒலியைப் பதிந்துகொள்ளுங்கள், எடிட்டில் ஒட்டுப்போட அது இல்லாமல் முடியாது. இன்னொன்று, உங்கள் படத்தை முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். ஹாலிவுட் பாணியில் அடிவயிறு அதிரும் கனத்த ஒலிகளைப் போட்டால் போன் ஸ்பீக்கரில் அவை கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். கிறீச், பல்லி கத்துவது, கதவுத் தாழ்ப்பாள் மாதிரியான ஒலிகள் தாக்குப்பிடிக்கும்.

இப்போது கிளைமாக்ஸ். யாரும், எந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டும், கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. கைப்பிடிச் சுவரின் மேலும் யாரும் உட்காரக் கூடாது, ஷூட்டிங் முடியும் வரை வாயைப் பலகையோ கம்பி வலையோ போட்டு மூடி, உள்ளே பார்க்கும் ஷாட்டைப் பகலிலேயே எடுத்துவிடுங்கள். கை மேலே வரும் க்ளோசப்புக்கு அந்தக் கிணறே தேவையில்லை. துணி துவைக்கும் தொட்டியோ குட்டைச் சுவரோ, கிணற்றுச் சுவர் மாதிரியே காரை பூசியதாக ஒன்று கொல்லையில் இருக்கும். நடிகை அதன் பின்னால் குந்திக்கொண்டு, ஈரக் கையை மேலே வைத்து ஒவ்வொரு விரலாக இறுக்கினால் போதும். நகக்கண்ணில் தொட்டிப் பாசி, மணிக்கட்டு வரை சாம்பல் நிறம். மேக்கப் செலவு அவ்வளவோடு முடிந்தது.

வெளிச்சத்துக்கு வருகிறேன். போன் தானாகவே எல்லாவற்றையும் மாற்ற விட்டால் இருட்டைத் தூக்கிக் காட்டப் பார்க்கும், படம் புள்ளி புள்ளியாகிவிடும். மேனுவல் வசதியுள்ள ஆப்பில் விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று பூட்டிவிட்டு, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும் அளவை, முடிந்தவரை குறைத்து வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த ஷட்டரில் டியூப்லைட் மினுக்காது. வீட்டுக்குள் நடிகர் கையில் டார்ச் கொடுங்கள். கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’வில் (2012) விஜய் சேதுபதி டார்ச்சோடு பங்களாவுக்குள் சுற்றும் பகுதியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், எதைக் காட்ட வேண்டும் என்பதை அந்த டார்ச்தான் முடிவு செய்கிறது. உங்கள் நடிகரின் டார்ச் வெளிச்சம் எதிரே வைத்த தெர்மாகோலில் பட்டுத் திரும்பினால் முகத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். கொல்லையில் எடுக்கும் அகலமான ஷாட்டுகளை நடு ராத்திரியில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம் போல வானம் நீலமாக இருக்கும், அதில் எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தால் ராத்திரியாகவே தெரியும். நேரம் கொஞ்சம்தான், அதனால் நான்கு மணிக்கே ஒத்திகையை முடித்துவிடுங்கள்.

ஒரு ராத்திரிக்குப் பதினைந்து ஷாட்டுக்கு மேல் திட்டமிட வேண்டாம். கிளைமாக்ஸை முதல் ராத்திரியே எடுத்துவிடுங்கள், மூன்றாம் நாள் யாருக்கும் தெம்பு இருக்காது. அலறல் காட்சி இருந்தால் அக்கம்பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தெருவில் எடுப்பதாக இருந்தால் காவல் நிலையத்திலும். சாப்பாட்டுக்கும் டீக்கும் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், அதில் கை வைக்காதீர்கள்.

பின்னணி இசைக்கு ஏதாவது படத்திலிருந்து எடுத்துப் போடும் ஆசை வரும், யூடியூபில் ஏற்றியதுமே காப்பிரைட் க்ளெய்ம் வந்து நிற்கும். பதிந்து வைத்த ராட்டினச் சத்தத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, அடியில் நீளமாக ஓடவிட்டுப் பாருங்கள். எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது.