அவர்களுக்கு என்ன அடையாளச் சிக்கல்?

கேள்வி: ஜெர்மானியர்கள் வெள்ளையர்கள், கிறிஸ்தவர்கள். அமெரிக்கா போனார்கள், இரண்டு தலைமுறையில் அமெரிக்கர்களாகவே ஆகிவிட்டார்கள். அவர்களின் நாவல்களையும் புலம்பெயர் இலக்கியம் என்று எழுதுகிறீர்களே, அவர்களுக்கு என்ன அடையாளச் சிக்கல்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கருப்பின மக்கள் பட்ட பாட்டை அவர்கள் படவில்லை, சரி. ஆனால் 'ஆகிவிட்டார்கள்' என்று இவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. முதல் உலகப்போரில் அமெரிக்கா ஜெர்மனியோடு மோதிக்கொண்டிருந்த நேரம். 1918 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில் ஊரில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மானியரை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றது. அடுத்த மாதமே, தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அயோவா ஆளுநர் ஆணை போட்டார். இண்டியானாபொலிஸ் நகரில் 'தாஸ் டாய்ச்ச ஹவுஸ்' (ஜெர்மன் இல்லம்) என்றிருந்த ஜெர்மானியர் சங்கக் கட்டடம் 'அத்தினீயம்' என்று பெயரை மாற்றிக்கொண்டது.

அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவரின் பேரன்தான் அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானெகட். பிறந்தது 1922இல். வீட்டுப் பெரியவர்களுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும், பிள்ளைக்கு மட்டும் சொல்லித்தரவில்லை. போர்க்கால வெறுப்பைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அந்தப் பிள்ளை அமெரிக்கச் சிப்பாயாக ஜெர்மானியரிடம் பிடிபட்டு, 1945இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தன் தரப்பு விமானங்கள் போட்ட குண்டுகளிலிருந்து தப்பினார். அதை வைத்து எழுதிய 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' நாவலின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள். தன் பெயருக்குக் கீழே 'நான்காம் தலைமுறை ஜெர்மன்-அமெரிக்கர்' என்று அச்சிட்டிருக்கிறார். வெளிவந்த வருடம் 1969. உங்கள் கணக்கில் எப்போதோ முடிந்துபோன விஷயம் அது. கதை தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியாக வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது?

அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் எர்ட்ரிக்கையும் படியுங்கள். அப்பா வழி ஜெர்மன், அம்மா வழி ஒஜிப்வே என்ற அமெரிக்கப் பழங்குடி. 'தி மாஸ்டர் புட்சர்ஸ் சிங்கிங் கிளப்' நாவலில் முதல் உலகப்போர் முடிந்து வரும் ஜெர்மன் சிப்பாய் ஃபிடேலிஸ், ஒரு பெட்டி நிறைய சாசேஜும் கசாப்புக் கத்திகளுமாக அமெரிக்கா வந்து, வடக்கு டகோட்டாவில் கறிக்கடை வைக்கிறார். எனக்கு அந்தப் பெட்டி மறக்கவே மறக்காது. ஊரைத் தூக்கி வர முடியாதவன் கைத்தொழிலையும் அதன் ருசியையும் தூக்கி வருகிறான். அடுத்த போரில் அவருடைய பிள்ளைகள் இரு தரப்பிலும் நின்று சண்டை போடுகிறார்கள். ஒருவன் ஜெர்மன் தரப்புப் போர்க்கைதியாக அமெரிக்காவிலேயே, மினசோட்டா மாநில முகாமுக்கு வந்து சேர்கிறான். அப்பா அவனைப் பார்க்கப் போகும் பக்கங்களைப் படித்துவிட்டு, இதே கேள்வியை எனக்கு மறுபடி எழுதுங்கள்.